பதினோராம் கண்ணாடி

ஜூலையில் வீடு வாங்குகிறவர்களுக்கு மூளை கொஞ்சம் குறைவு என்று நான் சொன்னால் என் மகள் கைசாவுக்குக் கோபம் வரும். வெயிலில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். அக்டோபர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, ஏணியும் கருவிப் பெட்டியும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டு முன்னால் போய் இறங்கி, அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழைய சுரங்கக் கம்பெனிக்காரன் கட்டிய இரண்டு மாடி மர வீடு. தாழ்வாரத் தகரத்தில் போன வருடத்து இலை மக்கிக் கிடந்தது. அடித்தளத்துக் கல்லிடுக்கில் கை நுழையும். எங்கள் கெவீனாப் பக்கம் பனி வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. நவம்பரில் வந்து உட்கார்ந்தால் மே மாதம்தான் எழுந்திருக்கும். சுப்பீரியர் ஏரியின் காற்று ஓர் ஊசித் துளை கிடைத்தால் போதும், வீட்டுக்குள் குடித்தனம் நடத்தும்.

கைசாவின் புருஷன் கோரி தாதுக் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஜனவரி பாதிவரை கரைக்கு வரமாட்டான். வீட்டில் அவளும் குழந்தை ஐலியும் மட்டும். ஐலிக்கு எட்டு மாதம். குறைமாதத்தில் பிறந்தவள். லேசாகக் குளிர் பட்டாலே மார்பு இழுக்க ஆரம்பித்துவிடும், பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக வைப்பதுதான் என் பொறுப்பு. பேத்தி என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஒரே நாள்ல முடிச்சிடுவீங்களாப்பா?" என்றாள் கைசா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நாளன்னைக்குப் பனி கொட்டப் போவுதாம். முடிச்சுத்தான் ஆகணும்."

"ஆளக் கூப்பிட்டிருக்கலாம். இந்த வயசுல ஏணில ஏறிக்கிட்டு."

"ஏணிக்கு என் வயசு தெரியாதும்மா. நீ போய் காப்பியப் போடு."

புகைபோக்கியைத் தேய்த்தேன். தகரத்தை வழித்தேன். வெளிக் குழாயின் தண்ணீரை வடித்து மூடினேன். வீட்டைச் சுற்றி அடித்தளத்தை ஒட்டி வைக்கோல் கட்டுகளை அடுக்கினேன். கடைசியாக வெளிச்சட்டங்கள். கோடை முழுவதும் நிலவறையில் அடுக்கிக் கிடக்கும் கண்ணாடிச் சட்டங்கள் அவை. குளிருக்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே ஒன்றை மாட்டிவிட்டால், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியில் காற்று அடைபட்டு நின்று குளிரைத் தடுக்கும். பழைய வீடுகள் சாய்ந்து இறங்கிக் கோணலாகிப் போவதால் ஒரு ஜன்னலின் சட்டம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் ஜன்னலிலும் சட்டத்திலும் உளியால் ஒரே எண்ணை வெட்டி வைத்திருப்பார்கள்.

அந்த வீட்டில் ஜன்னல்கள் பத்து. நிலவறையில் சட்டங்கள் பதினொன்று.

இது எனக்குப் புதிதில்லை. வீட்டை விற்ற லெம்பி ஹார்யு, சாவியைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தாள். எழுபது தாண்டியவள், அந்த வீட்டில் நாற்பது குளிர்காலத்தைப் பார்த்தவள்.

"பதினொண்ண மறந்துடாத, ரெய்னோ. வடக்குச் சுவத்துல மேல ரெண்டு கொக்கி இருக்கும். மொத பனி விழறதுக்குள்ள மாட்டிடு."

"அங்க ஜன்னலே இல்லையே."

"இல்லதான். நீ மாட்டு."

"ஏன் லெம்பி, சுவத்துக்குமா குளிருது?"

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ஒண்டியாக இருந்து இருந்து கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன்.

மாலை மூன்று மணிக்கு ஒன்பது சட்டம் ஏறிவிட்டது. நான்காம் எண் மட்டும் பாக்கி. மாடியில் வடக்குப் பக்கம், குழந்தையின் அறை. சட்டத்தைத் தோளில் சாத்தி ஏணியில் பாதி ஏறியிருப்பேன், ஏரியிலிருந்து ஒரு காற்று வந்து என்னை அறைந்தது. நான் ஏணியைப் பிடித்தேன், சட்டம் சுவரில் மோதியது. கண்ணாடி தூள் தூளாகக் கீழே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கடை நாற்பது மைல். கடைக்காரன் மீன் பிடிக்கப் போயிருப்பான். ஆனால் நிலவறையில் யாருக்கும் உதவாமல் ஒரு சட்டம் சும்மா நிற்கிறதே.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் எவனும் அதைத்தான் செய்திருப்பான். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதில் எங்களுக்கு ஒரு பெருமை.

பதினொன்றின் கண்ணாடியைக் கழற்றினேன். லேசாகப் பச்சை ஓடிய பழைய கண்ணாடி, தண்ணீர் மாதிரி அலையலையாக இருந்தது. நான்காம் சட்டத்துக்கு இரண்டு விரல் உயரம் அதிகம். கண்ணாடி வெட்டும் கருவியால் ஒரு கோடு இழுத்துத் தட்டினேன். உடையும்போது வழக்கமாகச் சடக்கென்று ஒரு சத்தம் வரும். இது பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு பிரிந்தது. வயதான கண்ணாடி, அப்படித்தான் என்று நினைத்தேன். விளிம்பை ஒட்டும் மக்கு வைத்துப் பதித்து, இருட்டுவதற்குள் ஏற்றி மாட்டிவிட்டேன். துண்டு குப்பைக்குப் போயிற்று. கைசாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏணியில் தடுமாறினேன் என்று தெரிந்தால் அடுத்த வருடம் ஏற விடமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாதைப் பனியை அள்ளப் போனேன். இரவெல்லாம் காற்றோடு கொட்டி வடக்குச் சுவர் முழுக்க வெள்ளை அப்பியிருந்தது. காப்பி குடித்துவிட்டு மாடிக்குப் போனேன். ஐலி குட்டிக் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சட்டத்தின் கண்ணாடி மேல் பனி ஒட்டியிருந்தது. நடுவில் கால் டாலர் காசு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் உருகித் தெளிவாக இருந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் உறைந்துபோன ஜன்னலில் வாயை வைத்து ஊதி, காசை அழுத்தி, எட்டிப் பார்க்க ஒரு துளை செய்வோம். அதே துளை. ஆனால் இது வெளிப்பக்கம் இருந்தது. தரையிலிருந்து பதினாறு அடி உயரம், கீழே பனியில் ஒரு காலடி கூட இல்லை.

பறவை ஏதாவது மோதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை, அந்த வட்டம் வெளிப்பக்கம் இல்லை. அதே கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், யாருடைய கையும் போக முடியாத அந்த நான்கு விரல் இடைவெளியில், பனிப்பூ பூத்த பரப்பில், வட்டமாக, சுத்தமாக.

"அப்பா," என்று பின்னாலிருந்து கைசா கூப்பிட்டாள். "காச வெச்சு வெளையாடறீங்களா? அறுபது வயசாச்சு."

"நான் இல்லம்மா."

"பின்ன யாரு, இவளா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு உங்களுக்கு? பேயறஞ்ச மாதிரி."

"ராத்திரி சரியாத் தூங்கல. குழந்தைய உன் ரூம்ல படுக்க வெச்சுக்கோயேன்."

"எதுக்கு? இந்த ரூம்தான் சூடா இருக்கு. நேத்து ராத்திரி ஒரு தடவகூட அழல தெரியுமா? ஜன்னலப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே தூங்கிட்டா."

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணாடியை உடைத்தேன், மாற்றி வைத்தேன் என்று சொல்ல இந்தக் கிழவனுக்கு வெட்கம். இன்றைக்கும் தூக்கம் வராத நேரத்தில் அந்த நிமிடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு ஜன்னலில் இரண்டு கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கு நான்கு பக்கம். செவ்வாய்க்கிழமை முதல் பக்கம். புதன்கிழமை இரண்டாவது. என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கைசாவுக்குப் போன் செய்தேன்.

"குழந்தை ரூம் ஜன்னல் எப்படி இருக்கு?"

"என்ன ஜன்னல் பைத்தியம் பிடிச்சிருக்கு உங்களுக்கு? உள் கண்ணாடிலயும் பனி பிடிச்சிருக்கு, அந்த எடைவெளிப் பக்கமா. கீழ ரேடியேட்டர் கொதிக்குது, எப்படிப் பிடிச்சுதுன்னே தெரியல. அதுலயும் உங்க வட்டம் இருக்கு. அப்பா? இருக்கீங்களா?"

மூன்று.

கிரீன் பே நகரத்தில் மகன் டேவ் வீட்டுக்குக் குடிபோயிருந்த லெம்பியைப் போனில் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிங்கோ ஆடப் போயிருந்தாளாம்.

"யாரு, ரெய்னோவா? என்ன, வெந்நீர் பாய்லர் மக்கர் பண்ணுதா? மேல ஒரு தட்டு தட்டு, சரியாயிடும்."

"லெம்பி, அந்தப் பதினொண்ணு…"

"மாட்டினதானே?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெய்னோ. மாட்டினியா இல்லையா?"

"அதோட கண்ணாடிய எடுத்து இன்னொரு ஜன்னலுக்குப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"எந்த ரூமு?"

"குழந்தை ரூமு."

"அட பாவி மனுஷா," என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "அந்தச் சுவத்துல முன்ன ஒரு ஜன்னல் இருந்துச்சு. என் மாமியாருக்கும் முந்தின காலத்துல அடச்சுட்டாங்க. அங்க என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. பனி விழுந்தா அதுக்கு எட்டிப் பாக்க ஒரு கண்ணாடி வேணும். அதோட கண்ணாடிய அதோட எடத்துல குடுத்துட்டா பேசாம நிக்கும். சுவத்தப் பாத்துக்கிட்டு மே மாசம் வரைக்கும் நிக்கும்."

"குடுக்கலன்னா?"

"ஒரு வருஷம் என் வீட்டுக்காரன் சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டான். எங்க டேவுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் இருந்தான், ரெய்னோ. அதுக்கு மேல என்னைக் கேக்காத. இப்ப எங்க வந்திருக்கு அது?"

"மூணாவது பக்கம்."

"அப்ப போன வெச்சுட்டு ஓடு."

என் வீட்டிலிருந்து பதினோரு மைல். சாலையில் பனிப்புயல், முன்னால் போகிற பனி தள்ளும் லாரியின் மஞ்சள் விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாய்விட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டே ஓட்டினேன். நான் கோயில் பக்கம் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

கைசா அடுக்களையில், கறியை உள்ளே வைத்துச் சுடும் பேஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்னப்பா இந்தப் புயல்ல?" என்றாள்.

"ஐலி எங்க?"

"மேல தூங்கறா. ஷூவக் கழட்டிட்டு…"

ஷூவோடு ஓடினேன்.

அறை சூடாக இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேடியேட்டர் தகதகவென்று சூடு வீசியது, என் சட்டைக்குள் வியர்த்தது. ஆனால் நனைந்த இரும்பு வாசனை வந்தது. பூட்டிக் கிடக்கும் சுரங்க வாய்க்குப் பக்கத்தில் போனால் வருமே, அந்த வாசனை.

அறைக்குள் இருக்கும் கண்ணாடிப் பரப்பு முழுவதும் பனி பூத்திருந்தது.

அதன் நடுவில் வட்டம். அதன் கீழ்விளிம்பிலிருந்து ஒரு துளி தண்ணீர் அப்போதுதான் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு.

ஐலி தூங்கவில்லை. கட்டிலின் கிராதியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகத் தானாக எழுந்து நின்றிருந்தாள். ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

நான் செய்யக்கூடாததைச் செய்தேன். குனிந்து அந்தத் துளையில் கண்ணை வைத்தேன். வெளியே பட்டப்பகல். எங்கு பார்த்தாலும் வெள்ளைவெளேரென்று பனி. துளைக்கு அப்பால் மட்டும் வெளிச்சம் இல்லை, ஒரே இருட்டு.

அந்த இருட்டு ஒரு தடவை இமைத்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்து கைசாவின் மாவுக் கையில் கொடுத்தேன். "மேல வராத. அடுப்புப் பக்கத்துலயே இரு. நான் சொல்ற வரைக்கும் வராத," என்றேன். என் குரலைக் கேட்டு அவள் அடுப்புப் பக்கம் நகர்ந்தாள்.

அந்தக் காற்றில் ஏணியில் எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். ஏறினேன். சட்டத்தைக் கழற்றி இறக்கினேன். நிலவறையில் வைத்து மக்கைச் சுரண்டி அந்தக் கண்ணாடியை எடுத்தேன். பதினொன்றின் சட்டத்தில் வைத்தேன். கீழே இரண்டு விரல் இடைவெளி. நான் வெட்டி எறிந்த துண்டு. குப்பை வண்டி புதன்கிழமையே வந்து போய்விட்டது.

ஒரு மரப்பட்டையை அறுத்து அந்த இடைவெளியில் அடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? வடக்குச் சுவரில் கொக்கிகள் லெம்பி சொன்ன இடத்தில் இருந்தன. மாட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் மரச் சுவர். கீழே இறங்கியதும் பனியில் முழங்காலிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். குழந்தை அறை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, உள்ளே கம்பளியைத் தொங்கவிட்டேன். கட்டிலைக் கைசாவின் அறைக்கு மாற்றினேன். பிறகு அடுக்களையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரியாயிடுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"சரியாயிடுச்சும்மா."

மறுநாள் காலை சூரியன் வந்தது, பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். ஜன்னல்களில் மாட்டியிருந்த வெளிச்சட்டங்கள் அத்தனையிலும் பனிப்பூ அடர்த்தியாகப் பூத்திருந்தது. வடக்குச் சுவரில் பதினொன்றை அண்ணாந்து பார்த்தேன். ஒரு துளி பனி இல்லை. துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்தது. வட்டமும் இல்லை. எனக்கு மனசு லேசானது, விசில் அடித்துக்கொண்டே பாதையைச் சுத்தம் செய்தேன்.

சனிக்கிழமையும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. அந்த வாரம் ஒருநாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அது நின்ற பக்கமெல்லாம் பனி பிடித்தது, அதில் எட்டிப் பார்க்க வட்டமும் இருந்தது. இங்கே பனியும் வட்டமும் இல்லையென்றால், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

நான் கழற்றி மாட்டிய கண்ணாடி காலி வீடுதான். குடியிருந்தது முன்னமே உள்ளே வந்துவிட்டது.

அன்றைக்கே இருவரையும் என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டில் புது மாதிரி ஜன்னல்கள், பனியே பிடிக்காது. லெம்பிக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை.

ஐலி நன்றாக இருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். மார்பு இழுப்புகூட நின்றுவிட்டது. நவம்பர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது கைசா என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க தொட்டுப் பாருங்க."

பின்னங்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்துக்குக் கீழே. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. தொட்டால் தெரிந்தது. வெந்நீரில் குளித்துச் சிவந்துபோன குழந்தையின் உடம்பில் காசு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் ஜன்னல் கண்ணாடி போலச் சில்லென்று இருந்தது. டாக்டரிடம் காட்டினோம். ரத்த ஓட்டத்தில் ஏதோ சின்னக் கோளாறு, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். கைசா அதை நம்பத் தீர்மானித்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தாள். ஐலியை அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க நெருப்பின் பக்கம் இருந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆனால் என்னை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், பயத்தில் அழுதேன். கையை நீட்டி, அவள் பின்னங்கழுத்தில் அந்தக் குளிர்ந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினேன். விரலின் சூட்டில் மெல்ல வெதுவெதுப்பாகும் என்று காத்திருந்தேன்.

ஐலி சிரித்துக்கொண்டே இன்னொரு கட்டையை எடுத்து வைத்தாள். என் விரலுக்கு அடியில், உள்ளேயிருந்து, ஈரமாக ஒரு மூச்சு வந்து பட்டது.